பின் இடது கதவு

விஜயன் நிதானமாகக் கார் ஓட்டுகிறவன். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர். மழை தூறினாலே வேகத்தைக் குறைத்துவிடுவான். அவன்மேல் வழக்குப் போடப்போவதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் நானாகவே ஸ்டேஷனுக்கு வந்தேன். முப்பது வருடம் ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த இந்தப் பக்கிரிசாமிக்கு வாயால் சொல்வதைவிட எழுதித் தருவதுதான் பழக்கம். நீங்களும் தமிழர் என்பதால் தமிழிலேயே எழுதுகிறேன்.

கார் என் பெயரில் இருக்கிறது. ஓட்டுகிறவன் என் தங்கை சந்திரகலாவின் கணவன் விஜயன். கிள்ளான் பக்கம் மேருவில் ஒரு மர ஆலைக்கு லோரி ஓட்டுகிறான். சம்பளச் சீட்டு கிடையாது, பேங்கில் அவனுக்குக் கடன் கிடைக்காது. அரசாங்க வேலையில் இருக்கும் சொந்தக்காரர் பெயரில் கார் எடுப்பது நம்மவர்களிடம் சாதாரணம்தானே. நான் கையெழுத்துப் போட்டேன். தவணையை அவனே ஒழுங்காகக் கட்டினான், அதில் அவன்மேல் ஒரு குறையும் இல்லை. ஆனால் கார் சம்பந்தமாக எந்தக் கடிதம் வந்தாலும் பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டுக்குத்தான் வரும். அவர்கள் முகவரி கார் கம்பெனிக்குத் தெரியாது.

எங்கள் அம்மா பெயர் புஷ்பவல்லி. அந்தப் பெயரைத் தங்கை மகளுக்கு வைத்தவன் நான். வல்லி என்று கூப்பிடுவோம். எனக்குப் பிள்ளைகள் இல்லை. போன வருடம் கிள்ளான் கோயிலில் அவளுக்குக் காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்று விடிவதற்குள் குளித்து, வேட்டி கட்டி, வாங்கி வைத்திருந்த தோட்டை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றேன். என்னை அழைத்துப் போகக் கார் வரும் என்று எதிர்பார்த்தேன். ஏழு மணிக்குச் சந்திரகலா போன் செய்தாள்.

"அண்ணே, அவரு ஐயரக் கூட்டியாரப் போயிட்டாரு. நீங்க ஒரு டாக்சி புடிச்சு வந்துருங்க லா. நல்ல நேரம் போயிரும்."

எட்டு மணிக்கு இன்னொரு தடவை போன் செய்தாள். தாய்மாமன் டாக்சி பிடித்து வருவது எந்த ஊர் முறை என்று எனக்குத் தெரியவில்லை. நான் போகவில்லை. விஜயனின் அண்ணன் பாலன் மடியில் உட்காரவைத்துக் குத்திவிட்டார்கள். எனக்கு அது அவமானமாக இருந்தது. அதற்குப் பிறகு விஜயன் என் வீட்டுப் பக்கம் வரவில்லை. நானும் போகவில்லை. சந்திரகலா மட்டும் எப்போதாவது போனில் பேசுவாள்.

முதல் கடிதம் பிப்ரவரியில் வந்தது. கார் விற்ற கம்பெனி அனுப்பியது. பின் இடது கதவின் வெளிக் கைப்பிடிக்குள் இருக்கும் ஸ்பிரிங் உடையக்கூடும், உடைந்தால் கதவு மூடியதுபோலத் தெரிந்தாலும் பூட்டு கவ்வாது, ஓடும்போது திறந்துகொள்ளலாம் என்று எழுதியிருந்தது. பட்டறைக்குக் கொண்டுவந்தால் இலவசமாக மாற்றித் தருவார்களாம், ஒரு மணி நேர வேலையாம். அதுவரை அந்தக் கதவோரம் யாரையும் உட்காரவைக்க வேண்டாம் என்று தடித்த கறுப்பு எழுத்தில் போட்டிருந்தது. நான் இரண்டு தடவை படித்தேன். சந்திரகலா முன்னால் உட்காருவாள். அவளுக்குப் பின்னால் வல்லி. அம்மாவின் இருக்கையைக் காலால் உதைத்துக்கொண்டே வருவது அந்தப் பிள்ளையின் பழக்கம்.

கடிதத்தைக் கொடுக்கக் கூடாது என்று நான் நினைக்கவே இல்லை. அவன் வந்து கேட்டால் கொடுப்பேன். இல்லை, கேட்கக்கூட வேண்டாம், வந்தாலே போதும். வாசலில் நின்று மச்சான் என்று ஒரு வார்த்தை சொன்னால், காப்பி குடிக்கச் சொல்லிக் கையில் கொடுத்திருப்பேன். வீடு தேடி வராதவனுக்கு நான் போன் செய்து சொல்வதில் என்ன மரியாதை இருக்கிறது?

ஏப்ரலில் ரெஜிஸ்டர் தபாலில் இரண்டாவது கடிதம் வந்தது. அதைப் பெற்றுக்கொண்டதற்கு என்று நீங்கள் காட்டிய அட்டையில் இருப்பது என் கையெழுத்துதான்.

அன்றிலிருந்து என்னால் உட்கார முடியவில்லை. போனை எடுப்பேன், வைப்பேன். சாப்பாட்டில் பாதியில் எழுந்து வாசலுக்குப் போவேன். தெருவில் அதே மாதிரி வெள்ளைக் கார் போனால் பின் இடது கதவைத்தான் பார்ப்பேன். போன் அடித்தால் ஓடிப்போய் எடுப்பேன், வேறு யாராவது பேசினால் ஒரு பக்கம் நிம்மதியாகவும் இன்னொரு பக்கம் ஏமாற்றமாகவும் இருக்கும். ஏமாற்றம் என்று எழுதியது கைதவறி அல்ல.

"ஏன் இப்படிக் கூண்டுக்குள்ள நடக்குற மாதிரி நடக்குறீங்க?" என்று என் மனைவி இராஜம்மா கேட்டாள். "ஒரு எடத்துல உக்காருங்களேன்."

காலில் பிடிப்பு என்று சொன்னேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. கடிதம் மேசைமேல் கிடந்தாலும் அவளுக்கு அது வெறும் காகிதம்தான்.

மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இனி தாங்காது என்று கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிள்ளான் பஸ் ஏறினேன். பஸ் வழியில் சுங்கை வே என்ற ஊரைத் தாண்டும்போது இறங்கித் திரும்பிவிடலாமா என்று தோன்றியது. இறங்கவில்லை. பாருங்கள், நானாகத்தான் போனேன். எத்தனை பேர் அப்படிப் போவார்கள்?

மேருவில் அவர்கள் வீட்டு முன்னால் கார் நின்றது. மூவரும் கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். வல்லிதான் முதலில் பார்த்தாள். மாமா என்று ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள். சந்திரகலாவின் கண் கலங்கிவிட்டது.

"அண்ணே, ஒரு போன் பண்ணிட்டு வரக் கூடாதா? வாங்கண்ணே, ஏறுங்க. கோயிலுக்குப் போயிட்டு வந்து ஒன்னா சாப்பிடலாம்."

விஜயன் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். வாங்க என்று சொல்லவில்லை. வல்லியைப் பின்னால் ஏற்றிவிட்டு, பின் இடது கதவைச் சாத்தினான். அது திரும்பி வந்தது. மறுபடி அடித்துச் சாத்தினான். மூன்றாவது தடவை நின்றது.

"இந்த ஹெண்டல் ஒரு வாரமா லூசா இருக்கு," என்று மனைவியிடம் சொன்னான். "நாளைக்கு மெக்கானிக்கிட்ட காட்டணும்."

என்னிடம் சொல்லவில்லை. கார் யார் பெயரில் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும், இருந்தும் என்னிடம் சொல்லவில்லை. கடிதம் சட்டைப்பையில் இருந்தது, எடுத்து நீட்டினால் முடிந்தது. கோயிலில் இறங்கியதும் அவன் எப்படியும் ஒரு வார்த்தை பேசுவான், அப்போது கொடுத்துக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டேன். கோயில் பத்து நிமிடத் தூரம்தான்.

"இந்தப் பக்கமே ஏறுங்கண்ணே, கதவு கிட்டக்கத்தானே இருக்கு," என்றாள் சந்திரகலா, இடது பக்கத்தைக் காட்டி.

நான் காரைச் சுற்றிப்போய் வலது பக்கம் ஏறினேன். வல்லி நடுவில் உட்கார்ந்திருந்தாள். நான் கால் நீட்ட வசதியாக இருக்கட்டும் என்று அந்தக் கதவோரம் நகர்ந்து கொடுத்தாள். யாரும் சொல்லாமல் தானே நகர்ந்தாள். மரியாதை தெரிந்த பிள்ளை.

பெரிய சாலையில் சேரும் வளைவில் விஜயன் மெதுவாகத்தான் திருப்பினான். கதவு சத்தமே இல்லாமல் திறந்தது. பின்னால் மணல் லோரி வந்துகொண்டிருந்தது. மற்றது உங்கள் கோப்பில் இருக்கிறது.

கதவைச் சரியாகச் சாத்தாதது தன் தப்புதான் என்று விஜயன் உங்களிடம் சொல்லியிருக்கிறான். எல்லாரிடமும் அதைத்தான் சொல்கிறான். சோறு இறங்கவில்லை, லோரியைத் தொடுவதில்லை. காரியத்தன்று என் தோளில் விழுந்து அழுதான். அன்றும் வாங்க என்று சொல்லவில்லை. துக்க வீட்டில் அப்படிச் சொல்லும் வழக்கமில்லை என்பதால் நான் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

சந்திரகலா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க எட்டிப் புடிச்சும் கெடைக்கலையே அண்ணே, மனசப் போட்டு அலட்டிக்காதீங்க," என்றாள். வந்தவர்களிடமெல்லாம் அப்படியே சொன்னாள். அவள் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தவள், பின்னால் நடந்தது அவளுக்குத் தெரியாது. நான் மறுத்துச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அவளுக்கு அது ஆறுதலாக இருந்தது.

விஜயனை விட்டுவிடுங்கள். கதவு சாத்தாது என்று தெரிந்தவன் நான், தெரிந்துதான் சுற்றிப்போய் ஏறினேன். கதவு திறந்ததும் காற்று பலமாக உள்ளே அடித்தது. பிள்ளை எனக்குக் கையெட்டும் தூரத்தில்தான் இருந்தாள், ஒரு கையால் என் வேட்டியைப் பிடித்திருந்தாள். என் இரண்டு கைகளும் சட்டைப்பையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தன. கடிதம் பறந்து விஜயன் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்றுதான்.