பார் வாசலில் பாய்

எனக்குக் கோவையாக எழுத வராது, மறதியும் உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள். மும்பையில் செம்பூரிலிருந்து தாராவி வரும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். காலி இட்லிப் பாத்திரத்தை மடியில் வைத்திருந்தவள் சொன்னாள்:

"யக்கா, இன்னைக்கு நான் நம்ம தெரு பார் வாசல்லதான் பாய் போட்டுப் படுக்கப் போறேன்."

"ஏட்டி, கிறுக்கா பிடிச்சிருக்கு? போலீஸ்ல சொல்லு."

"சொன்னேன். அவங்க வந்தா பார்க்காரன் பாட்டுச் சத்தத்தைக் குறைக்கான், போனா கூட்டுதான். விடியுமுன்னே எந்திச்சு இட்லி அவிக்கணுமே, தூங்காம எப்படி? நேரத்துக்குக் கடையை மூடுதவரை எந்திக்க மாட்டேன்."

"குடிகாரன் மிதிச்சுட்டுப் போவான்."

"மிதிக்கட்டும். நேத்து தூக்கக் கலக்கத்துல கொதிதண்ணிய கால்ல கொட்டிக்கிட்டேன். அத விடவா?"

அக்கா அந்தக் காலைப் பார்த்தாள். இறங்கும்போது சொன்னாள்: "எம் மாமியாளையும் கூட்டிட்டு வாரேன். அவ கொறட்டைக்கு முன்னால எந்தப் பாட்டும் நிக்காது."

பார் எத்தனை மணிக்கு மூட வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் சரிபார்த்துச் சொல்லுங்கள், பாய் விரிக்கிறவர்களுக்கு உதவும்.