ஸ்டைன்காம்ப் வம்சத்து உருளைக்கிழங்கு

…ஓட்டு கிடையாதாம்! கிழங்கு உரிக்க மட்டும் இந்தக் கை வேணுமாம். சூடா இருக்கறப்பவே உரிச்சிடு டெஸ்ஸா, ஆறிட்டா சாலட்டுக்கு ஊத்தற வினிகர் உள்ள இறங்காது. ம்ம், அப்படித்தான். ட்ராவிஸுக்கு நீ கிடைச்சது அவன் யோகம். வந்த முத நாளே உன்னை இந்த சர்ச்சு கீழ்த்தளத்துச் சமையக்கட்டுக்குத் தள்ளி விட்டுட்டா பாத்தியா, உன் மாமியாராகப் போற லவோன்? எனக்கு அவ முப்பத்தாறு வருஷமா நாத்தனா. நான் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்ல மாட்டேன்.

மேல என்ன நடக்குது தெரியுமா? ஸ்டைன்காம்ப் குடும்பக் கூட்டம். ரெண்டு மணிக்கு ஓட்டு. வம்ச புக்கு அச்சுக்குப் போகுதுல்ல, அதுல ஸ்டைன்காம்ப்பா பொறந்தவங்க பேரு மட்டும் போட்டா போதும்னு லவோன் தீர்மானம் கொண்டு வந்திருக்கா. அப்ப என்னை எப்படிப் போடுவாங்களாம்? 'வில்மர், மனைவி உண்டு.' உண்டாம்! பண்ணையில பன்னி உண்டு, மாடு உண்டுங்கற மாதிரி.

அந்த புக்கை எழுதினதே நான்தான்டி. பதினோரு வருஷம். கல்லறை கல்லறையா உக்காந்து பாசியைச் சுரண்டி தேதி பாத்தேன். கப்பல்ல வந்தவங்க பட்டியலை பூதக்கண்ணாடி வச்சுப் படிச்சேன். ஜெர்மனியில அவங்க பூர்வீக ஊர்ப் பாதிரியாருக்கு லெட்டர் மேல லெட்டர். உயிரோட இருக்கற சொந்தக்காரனுக்கு ஒரு கார்டு போட மாட்ட, செத்தவங்களுக்கு இவ்வளவு ஸ்டாம்பான்னு வில்மர் கேப்பார். அவர் கேப்பார், அவருக்கென்ன, சாஞ்சு உக்காந்தா தூங்கிடுவார். இந்தக் கிழங்குல கறுப்பு இருக்கு, தள்ளி வை.

எங்க விட்டேன்? ஆங், லெட்டரு. வியாழக்கிழமைதான் பதில் வந்துச்சு. இந்தா, கையைத் துடைச்சுட்டுப் படி, பாதிரியாரு நமக்குப் புரியற மாதிரிதான் எழுதியிருக்காரு. ஹால்ல மாட்டி வச்சிருக்காங்களே வம்ச மரம் படம், அதுல வேர்ல ஒரு பேரு இருக்கும், காஸ்பர் ஸ்டைன்காம்ப்னு. அவரோட மூணு பசங்கதான் கப்பல் ஏறி அமெரிக்காவுக்கு, இந்த மிசூரிக்கு வந்தது. லவோன் எதுக்கெடுத்தாலும் காஸ்பர் ரத்தம், காஸ்பர் ரத்தம்னு குதிப்பா. அந்த மனுஷன் பொறக்கறப்ப ஸ்டைன்காம்ப்பே இல்லடி. காஸ்பர் லூக்கன். கூலிக்குத் தறி நெய்யறவன் மகன். ஸ்டைன்காம்ப்ங்கறது அவர் கட்டின அன்னாவோட பண்ணை. அந்தப் பக்கத்து வழக்கம் அப்படி, பண்ணைக்காரியைக் கட்டினா பண்ணைப் பேருதான் அவனுக்கும். வீட்டோட மாப்பிள்ளை! லவோன் சொல்றபடி போட்டா அவருக்கே புக்குல இடமில்ல. 'அன்னா, கணவன் உண்டு.'

சிரிக்காத, கத்தி கையில இருக்கு.

மேல போய்ச் சொல்ல வேண்டியதுதானேங்கறியா? எப்படிச் சொல்றது? கட்டிக்கிட்டு வந்தவங்க கூட்டத்துல வாயே திறக்கக் கூடாது. ரூலு. வில்மரைப் படிக்கச் சொன்னா, அக்காளைக் கண்டாலே அவருக்கு வாய் அடைச்சுப் போகும். போன வருஷம் சாசேஜ் சுட வந்தவன்கூட அஞ்சு நிமிஷம் பேசினான்டி. விருந்தாளி பேசலாமாம். நீகூடப் பேசலாம், அக்டோபர்ல கல்யாணம் ஆகற வரைக்கும். அப்புறம் உன் வாய்க்கும் பூட்டுதான்.

அந்த ரூலை யாரு போட்டதா? …அடுப்புல அந்த பேக்கன் கறி கருகுதா பாரு. …கருகலையா. யாரு போட்டா என்ன இப்ப.

சரி, நான்தான்.

பத்தொன்பது வருஷம் ஆச்சு. லவோன் ரெண்டாவதா ட்வைனைக் கட்டிக்கிட்டா. வந்த முத வருஷமே அந்த மனுஷன் எந்திரிச்சு, இந்த சாலட்ல வினிகரை விட்டுட்டு மயோனைஸ் போடலாம், ஓட்டுக்கு விடுங்கன்னான். பாதிப் பேரு தலையாட்டிட்டாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. உடனே எந்திரிச்சு, கட்டிக்கிட்டு வந்தவங்களுக்கு ஓட்டும் வேணாம், பேச்சும் வேணாம்னு ஒரு தீர்மானம் போட்டேன். ஒரே ஒரு ஓட்டுல ஜெயிச்சுது. என் ஓட்டு. அதுதான் நான் போட்ட கடைசி ஓட்டு. இருந்த கோவத்துல நானும் கட்டிக்கிட்டு வந்தவதாங்கறதே மறந்து போச்சு. லவோன் அன்னிக்கு என்னைப் பாத்த பார்வை இருக்கே… இப்ப வட்டியும் முதலுமா திருப்பித் தர்றா. தப்பு என்னோடதுதான், இல்லேங்கல. ஆனா பதினோரு வருஷம்டி. ஒரு ஓரத்துல, சின்ன எழுத்துல, எல்டோரான்னு என் பேரு… இந்த வெங்காயம் வேற கண்ணைக் கரிக்குது.

டெஸ்ஸா? எங்க எந்திரிச்சுட்ட? இன்னும் அரைக் கூடை கிடக்கு. கைகழுவவா? தொட்டி இந்தப் பக்கம்… லெட்டரை ஏன்டி எடுத்துட்டுப் போற? படியில ஓடாத, வழுக்கும்.

அடியே, இரு இரு. காஸ்பரே கட்டிக்கிட்டு வந்தவர்னு தெரிஞ்சு அந்த ரூலு போச்சுன்னா ட்வைனுக்கும்ல ஓட்டு வந்துடும்! மயோனைஸைக் கொண்டாந்துடுவான்டி. நில்லு டெஸ்ஸா…

…போ. போயிட்டு வா. கடைசி வரிசைக்கும் கேக்கற மாதிரி நிதானமா படி. அந்த ட்வைனுக்கு ஒரு சின்னக் கிண்ணத்துல தனியா கலந்து வச்சுட்டாப் போச்சு.