முதலில் எந்தக் கால்

— கையை எடு கோவிந்தப்பா. நீ புடிச்சாத்தான் விழுவேன்.

— புடிக்காட்டிதானே விழுவாங்க ஷோபம்மா? இத்தன வருசமா இந்த அல்சூருல ஆட்டோ ஓட்டறேன், இப்பிடி ஒரு பேச்சு கேட்டதில்ல.

— இறங்கறதுக்குத் தனி பழக்கம் இருக்குது. நடுவுல யாராவது தொட்டா அது கெட்டுப் போவும். பாத்தியா, இறங்கிட்டேன். பையை மட்டும் கீழ வை. அண்ணி. அண்ணி, கதவத் தொறங்க. நான்தான்.

— யாரு? ஐயோ சாமி, ஷோபாவா? நாளைக்கின்னுதானே என் தம்பி சுனிலு சொன்னான்.

— நாளைக்கித்தான். இன்னிக்கே வந்துட்டேன்.

— தனியாவா வந்தே?

— எங்க தனியா? கோவிந்தப்பா இருக்காரு, ஸ்டிக் இருக்குது.

— சுனிலுக்குத் தெரியுமா?

— அவரு பீன்யாவுல ஷிஃப்டுல இருக்காரு. சாயங்காலம் வந்து தெரிஞ்சுக்கட்டும். ஏன் அண்ணி கதவுக்குப் பின்னால நின்னு பேசறீங்க? முன்னால வாங்க. மழைக்கு முன்னால பாத்த முகம்.

— நான் இங்கயே இருக்கேன். நீ அங்கயே நில்லு, படியில கால வெக்காத. கோவிந்தப்பா, நீ போயி பக்கத்து வீட்டு ஜெயலக்ஷ்மிய கூட்டிக்கினு வா. கோயிலுக்குப் போயிருக்கா. ஆஸ்பத்திரிலருந்து வர்ற பொண்ணு, ஆரத்தி சுத்தாம உள்ள வரக் கூடாது.

— கோவிந்தப்பா, போகாத.

— ஏனம்மா இது? ஒருத்தரு போன்னு சொல்றீங்க, ஒருத்தரு போவாதன்றீங்க. ஸ்டார்ட் பண்ணட்டா, ஆஃப் பண்ணட்டா?

— ஆஃப் பண்ணு. ஆரத்தி எங்க அண்ணி சுத்துவாங்க.

— நானா? இன்னா பேச்சு பேசறே நீ. புருசன வாரிக் குடுத்தவ கையால ஆரத்தித் தட்டத் தொடறதா? ஊருல எவளாவது கேட்டா வாயால சிரிக்க மாட்டா.

— ஜெயலக்ஷ்மியக்கா வர்றதுக்கு எவ்ளோ நேரம் ஆவும்னு தெரியுமா? அந்தக்கா கோயிலுக்குப் போனா சாமிய பாக்கறது கொஞ்சம், சனத்தப் பாக்கறது ஜாஸ்தி. அது வரைக்கும் நான் ரோட்டுல நிக்கணுமா?

— பாஞ்சாலம்மா, நான் ஒண்ணு சொல்லட்டா? ஷோபம்மாவ நான் அப்பிடியே தூக்கி உள்ள வெச்சுடறேன். ஸ்வல்ப தூரம்தானே. ஆரத்திய அப்புறமா நிதானமா சுத்திக்கலாம்.

— நல்லாச் சொன்னே கோவிந்தப்பா. தூக்கிக்கினே உள்ள போறதா இருந்தா ஏன் இத்தன மாசம் ரெண்டு கைப்புடிக் கம்பிக்கு நடுவுல போறதும் வர்றதுமா இருந்தேன்? காலையில ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம். கை எல்லாம் காப்புக் காச்சிப் போச்சு பாரு. இந்தப் படியை நானா ஏறணும். அதுக்குத்தான் அங்க போனேன். வேற எதுக்கும் இல்ல.

— படி உசரமாச்சே ஷோபா.

— தெரியும் அண்ணி. மழைத் தண்ணி உள்ள வருதுன்னு மாமா ஏத்திக் கட்டுன படி. எங்க பிசியோ யூஜின் சாருகிட்ட சொன்னேன், சார், ஆஸ்பத்திரிப் படி மாதிரி எங்க வீட்டுப் படி மரியாதையா இருக்காதுன்னு. எவ்ளோ உசரம்னு கேட்டாரு. ஸ்டிக்க வெச்சுக் காட்டுனேன். தோட்டத்துல கல்ல அடுக்கி அதே உசரத்துக்கு ஒரு படி பண்ணிட்டாரு மனுசன். அதுலதான் ஏறி ஏறி இறங்குனேன். நேத்து ஏறுனதும், போங்க ஷோபா, இனிமே இங்க உங்களுக்கு வேலை இல்லன்னு சொன்னாரு.

— சரி. ஏறு. ஆனா ஜெயலக்ஷ்மி வரட்டும். வந்ததும் வலது காலை எடுத்து வெச்சு வா.

— எந்த வலது காலு அண்ணி?

— இன்னா கேள்வி இது?

— முட்டிக்குக் கீழ இருந்த வலது காலு எப்பவோ போயிடுச்சு. இது ரப்பரு. இதுக்கு ராகுகாலம் எமகண்டம் எதுவும் தெரியாது.

— ரப்பரோ எலும்போ, வலது பக்கம் இருக்குதுல்ல? சாமிக்குப் பக்கம்தான் கணக்கு.

— யூஜின் சாருக்கு அப்பிடி இல்ல. ஏறும்போது நல்ல காலு முன்னால, இறங்கும்போது புதுக் காலு முன்னால. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லணும். மாத்தி வெச்சா மொத்த ஒடம்பையும் இந்த ரப்பர் தூக்கணும். தூக்காது. பின்னால சாய்ஞ்சா கோவிந்தப்பா ஆட்டோ மேலதான்.

— அந்த சாரு வேற மதம். அவருக்கு நம்ம வாசப்படி பத்தி இன்னா தெரியும்? ஒரு வீட்டுக்குள்ள நோயிலருந்து எழுந்து வர்றவ இடது காலை வெச்சு வந்தா அந்த வீடு விளங்குமா?

— கல்யாணமாகி வந்த அன்னிக்கு இதே படியில வலது காலைத்தான் வெச்சேன். ஜெயலக்ஷ்மியக்காதான் ஆரத்தி சுத்துனாங்க, நெத்தி நெறைய குங்குமத்தோட. எல்லாம் சரியாத்தான் நடந்துச்சு. அப்புறம் அந்த லாரி வந்துச்சே.

— அது நான் எதுத்தாப்புல வந்ததால வந்துச்சு.

— அதுக்குத்தான் கதவுக்குப் பின்னால நிக்கறீங்களா?

— கோவிந்தப்பா, நீ போயி ஜெயலக்ஷ்மிய பாருப்பா.

— அவரு நிக்கட்டும். அவருக்குத் தெரியாததா? தெருவுக்கே தெரியும். அன்னிக்குக் காலையில நான் கம்பெனி வண்டிக்குக் கிளம்பறேன். நீங்க பால் வாங்கிக்கினு எதுத்தாப்புல வர்றீங்க. என்னைப் பாத்ததும் நீங்கதான் பதறுனீங்க. நான் எதுத்தாப்புல வந்துட்டேன், திரும்பி உள்ள போயி உக்காந்து ஒரு வாயி தண்ணி குடிச்சுட்டுப் போன்னு சொன்னீங்க. நேரமாச்சு அண்ணின்னு சொன்னேன். கேக்கல. உக்காந்தேன், குடிச்சேன். ஏரி முனைக்குப் போனா வண்டி போயிடுச்சு. பஸ் மாறி மாறிப் போயி பீன்யாவுல இறங்குனேன். கம்பெனி கேட்டை சாத்திடப் போறாங்களேன்னு ரோட்டத் தாண்டி ஓடுனேன். நடு ரோட்டுல செருப்பு அறுந்துச்சு, லாரி வந்துடுச்சு.

— தண்ணி குடிச்சும் தப்பலையே ஷோபா. அவ்ளோ பெரிய தோசம் என் மூஞ்சியில.

— எனக்கும் கோவம் இருந்துச்சு அண்ணி. இல்லன்னு சொல்ல மாட்டேன். நீங்க எதுத்தாப்புல வந்ததுக்கு இல்ல. தண்ணி குடிக்க வெச்சதுக்கு.

— சொல்லு. நல்லா சொல்லு. வாங்கிக்கறேன்.

— வாங்கிக்க வேணாம். யூஜின் சாரும் கேட்டாரு, யாரு மேல கோவம்னு. லாரிக்காரன் மேல, எங்க அண்ணி மேல, செருப்பு மேலன்னு சொன்னேன். சரி, மூணு பேரையும் நெனச்சுக்கினு இந்த மணல் மூட்டையத் தூக்குங்கன்னாரு. தூக்கித் தூக்கி கோவம் எல்லாம் தொடையில சேந்துடுச்சு. இப்ப கோவம் இல்ல, தொடைதான் இருக்குது. ஆனா ஒண்ணு மட்டும் போவல. ஒரு தரம்கூட நீங்க வந்து என்னைப் பாக்கலையே.

— வந்து மறுபடியும் என் மூஞ்சியக் காட்டி, அந்த இன்னொரு காலும் போறதுக்கா?

— மூஞ்சியக் காட்டல. குழம்ப மட்டும் அனுப்பிச்சீங்க.

— நீ சாப்புடணும்ல.

— ஞாயித்துக்கிழமையானா அவரு தூக்கு வாளியோட வருவாரு. வார்டே திரும்பிப் பாக்கும். போன வாரம் பிதுக்குப் பருப்புக் குழம்பு அனுப்பிச்சீங்களே, பக்கத்து வார்டு கஸ்தூரிரங்கன் சாரோட சம்சாரம் கேட்டு வாங்கி அவருக்கு ஊட்டுனாங்க. எழுந்து உக்காரவே மாட்டேன்னு இருந்த மனுசன், வாசனைக்கு எழுந்து உக்காந்தாரு. பருப்ப ஒவ்வொண்ணா பிதுக்கி வெச்ச அந்தக் கை விளங்காத கையா?

— சமையலு வேற, சாங்கியம் வேற.

— சரி, அத வுடுங்க. உங்க காலுகிட்ட ஒரு பை தெரியுதே, அது யாரோடது?

— ஒண்ணுமில்ல. துணி.

— யாரு துணி?

— என்னுதுதான். ஓசூருல சித்தி பையன் இருக்கான்ல, இங்க வந்து இரு அக்கான்னு கூப்புட்டுக்கினே இருக்கான்.

— எப்ப கிளம்பறீங்க?

— விடிஞ்சதும் மொத பஸ்ஸுக்கு.

— நான் வர்றதுக்கு முன்னால.

— ஆமா. நீ வர்ற நேரத்துல நான் எதுத்தாப்புல இருக்கக் கூடாது. ஆரத்திக்கு மஞ்சா, சுண்ணாம்பு எல்லாம் எடுத்து வெச்சுட்டேன். ஜெயலக்ஷ்மிகிட்டயும் சொல்லிட்டேன். அரிசி களைஞ்சு வெச்சுட்டுப் போறதா இருந்தேன். நீதான் எல்லாத்தையும் கலைச்சுட்டே.

— கலைக்கத்தான் வந்தேன் அண்ணி. அவரு ஞாயித்துக்கிழமை வந்தப்பவே சொன்னாரு, அக்கா ஓசூருக்குப் போறேன்னு அடம் புடிக்குது, எனக்கு ஒண்ணும் புரியலன்னு. எனக்குப் புரிஞ்சுது. யூஜின் சாருகிட்ட போயி, ஒரு நாள் முன்னால வுட்டுடுங்க சார்னு நின்னேன்.

— எனக்காகவா வந்தே?

— வேற யாருக்கு? தை பொறந்ததும் என்னை மறுபடி வேலைக்கு வரச் சொல்லியிருக்காங்க. மோட்டாருக்குக் காயில் கம்பி சுத்தற செக்‌ஷன், உக்காந்து செய்யற வேலை. காலையில நான் கிளம்பும்போது இந்த வீட்டுல ஆளு இருக்கணும். எனக்கு சோறு கட்டித் தர்றதுக்கு இல்ல அண்ணி. வீடுன்னா நீங்க இருந்தாத்தான் எனக்கு வீடு. உங்க தம்பியோட பேசி எத்தன நேரம் ஓட்டறது? அந்தாளு கிரிக்கெட்டத் தவிர வாயத் தொறக்க மாட்டாரு.

— அது வாஸ்தவம்.

— சிரிச்சீங்களா? கதவுக்குப் பின்னால சிரிச்சா எனக்கு எப்பிடித் தெரியும்?

— வேணாம் ஷோபா. மனச இளக்காத. நீ வலது காலை வெச்சு நல்லபடியா உள்ள போனேன்னு தெரிஞ்சா போதும். இந்த வீட்டுக்கு இனி ஒண்ணும் வராதுன்ற நிம்மதியோட நான் போயிடுவேன். இதுக்கு மேல எனக்கு ஒண்ணும் வேணாம்.

— அப்ப ஒரு ஒப்பந்தம் போட்டுக்கலாமா?

— இன்னா ஒப்பந்தம்?

— நீங்க ஆரத்தி சுத்துங்க. நான் வலது காலை வெச்சு ஏறறேன்.

— விழுந்துடுவேன்னு நீயே சொன்னியே.

— பயமாத்தான் இருக்குது. உங்களுக்குத் தட்டத் தொட பயம், எனக்கு இந்தக் காலை முன்னால வெக்க பயம். ரெண்டு பேருக்கும் சரியாப் போச்சு. முடியாதுன்னா சொல்லுங்க, கோவிந்தப்பா என்னை மறுபடி ஆஸ்பத்திரியிலயே கொண்டு போயி வுட்டுடுவாரு. அங்க கல்லுப் படி இன்னும் இருக்குது.

— அடம். பொறந்ததுலருந்து அடம். இரு, தட்ட எடுத்துக்கினு வரேன். ஆனா நான் கண்ண மூடிக்கினுதான் நிப்பேன். என் பார்வை உன் மேல படக் கூடாது.

— மூடிக்குங்க. கற்பூரத்தப் பத்த வெச்சுட்டு மூடிக்குங்க, அதுக்கு முன்னால வேணாம்.

— ஷோபம்மா, அவங்க உள்ள போயிட்டாங்க. மெதுவா கேக்கறேன். நெஜமாவே அந்தக் காலைத்தான் முன்னால வெக்கப் போறீங்களா? டாக்டரே வேணாம்னு சொன்னதா சொன்னீங்களே.

— கோவிந்தப்பா, உனக்கு ரோட்டப் பாக்கற வேலைதானே?

— ஆமா.

— ரோட்டப் பாரு.

— வந்துட்டேன். நெத்திய இந்தப் பக்கம் காட்டு. கண்ண மூடிட்டேன். தட்டு எங்க வருதுன்னு தெரியல ஷோபா.

— பரவால்ல, சாயாம புடிச்சா போதும். கற்பூரம் என் புடவைக்குப் பக்கத்துல வருது, கொஞ்சம் பின்னால. ஆங். இப்ப சுத்துங்க.

— ஊருக் கண்ணு, உறவுக் கண்ணு, நாய்க் கண்ணு, நரிக் கண்ணு, என் பாவிக் கண்ணு...

— கடைசியா சொன்னது மந்திரத்துல இல்ல.

— பேசாம நில்லு. எல்லாக் கண்ணும் போவட்டும். முடிஞ்சுது. பொட்டு வெக்கணும். அத நீயே தொட்டு வெச்சுக்க.

— நீங்க வைங்க.

— ஷோபா.

— வைங்க அண்ணி. அது மூக்கு. இன்னும் மேல. அங்கதான்.

— வெச்சுட்டேன்.

— வெச்சுட்டீங்க. இப்ப ஓரமா நகருங்க, தட்டக் கீழ வுட்டுடாதீங்க. நான் ஏறப் போறேன். யாரும் பேசாதீங்க.

— முருகா. முருகா. சத்தத்தக் காணோமே. ஷோபா? கோவிந்தப்பா, விழுந்துட்டாளா?

— உங்க பக்கத்துலதான் அண்ணி நிக்கறேன். கண்ணத் தொறங்க.

— எளைச்சுட்டியேடி.

— நீங்களும்தான். எவ்ளோ நேரமா கேக்கறேன், இந்த முகத்தக் காட்டறதுக்கு.

— நிக்கறே. யாரும் புடிக்காம நிக்கறே.

— அதான் சொன்னேனே.

— இரு, தண்ணிய முச்சந்தியில ஊத்தணும். அதுக்கு முன்னால சொல்லு. வலது காலைத்தானே வெச்சே? ஏன் சிரிக்கறே? கோவிந்தப்பா, நீ பாத்தியே, எந்தக் காலு?

— நான் ரோட்டப் பாத்துக்கினு இருந்தேன் பாஞ்சாலம்மா.

— ஷோபா, உன் வாயால சொல்லு. வலது காலுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டேன்னா போதும், நான் பையத் தூக்கிக்கினு நிம்மதியா கிளம்பிடுவேன்.

— இடது காலு அண்ணி. இனி இந்த வீட்டுக்கு என்ன வருமோ ஏது வருமோ, எனக்குத் தெரியாது. இப்பிடி வந்து நிக்கற என்னைத் தனியா வுட்டுட்டு நீங்க எப்பிடி ஓசூருக்குப் போவீங்க?