ஆறு மாசத்து மாத்திரை

— என்னது, இனிமே ஆறு மாசத்துக்கு ஒரு தடவ வந்தா போதுமா?

— ஆமா டெய்லர் சார். போன மாசமே டாக்டர் சொன்னாரே. எச்ஐவி இருக்குன்னு தெரிஞ்சு எட்டு வருஷம். இப்ப டெஸ்டுல கிருமியே தட்டுப்படல. வெயிட் ஏறியிருக்கு, சிகரெட்ட விட்டாச்சு. கேட்டுக்கங்க, இது சந்தோஷமான சமாச்சாரம்.

— அதுக்கில்ல சிஸ்டர். அத்தனை மாத்திரைய எங்க வைப்பேன்? என் ரூம்ல தையல் மிஷின் போக மிச்ச எடத்துல நான் கால நீட்டினா கதவ மூட முடியாது.

— மொத்தமே ஒரு செருப்பு டப்பா அளவுதான்.

— மழை பெஞ்சா செவுரெல்லாம் ஓதம்.

— இறுக்க மூடி வைங்க. நொண்டிச் சாக்கு சொல்லாதீங்க. கைய நீட்டுங்க, பிரஷர் பாக்கணும். பழைய டப்பாவ இப்படிக் குடுங்க, மிச்சத்த எழுதிக்கிறேன்.

— அத மறந்து வெச்சுட்டு வந்துட்டேன்.

— மடியில இருக்கிற பைக்குள்ள கலகலங்குதே?

— பட்டன் சிஸ்டர்.

— டெய்லர் சார்...

— இந்தாங்க.

— ரெண்டு இருக்கணும். இங்க பதினொண்ணு இருக்கு! ஒம்பது நாள் போடலையா? வாந்தி கீந்தி வந்துச்சா?

— இல்ல.

— மறந்துட்டீங்களா?

— எட்டு வருஷத்துல ஒரு நாள் மறந்திருக்கேனா?

— அப்புறம் என்ன, திமிரா? கேட்டுக்கங்க, விட்டு விட்டுப் போட்டா கிருமி பழகிக்கும். அப்புறம் இதே மாத்திரைய முழுங்கினாலும் வெறும் தண்ணி குடிச்ச மாதிரிதான்.

— தெரியும். நீங்க சொன்னதுதான். உடம்பு தேறாதவங்கள மட்டும் மாசாமாசம் வரச் சொல்லுவோம்னு சொன்னதும் நீங்கதான்.

— அதுக்காகவா? இங்க மூணு மணி நேரம் பெஞ்சத் தேய்க்கிறதுக்கா?

— சிரிக்காதீங்க சிஸ்டர். அக்கா வீட்ல எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். சேந்து சாப்பிட்டா ஒட்டாதுன்னு சொன்னேன். நல்லாத் தலையாட்டுனா, தட்ட மட்டும் மாத்தல. போறதையே விட்டுட்டேன். கடை இருந்தப்ப நாள் பூரா அளவெடுப்பேன். தோளு, கழுத்து, மணிக்கட்டு... விஷயம் பரவுச்சு, ஒருத்தரும் வரல. இப்ப ரூம்ல உக்காந்து கம்பெனிச் சட்டைக்குக் காஜா எடுக்கிறேன். உள்ள ஆள் இல்லாத சட்டை. மூட்டைய வாசல்ல போட்டுட்டு போன் அடிக்கிறாங்க, நான் கதவத் தொறக்கறதுக்குள்ள வண்டி போயிடுது.

— பேச்சுத் துணைக்கு யாருமே இல்லையா?

— பேச ஆளுண்டு, போன்ல. நீங்க நாடி பாக்கறேன்னு மணிக்கட்டப் புடிப்பீங்க பாருங்க, கையுறை கூடப் போடாம... அது ஒண்ணுதான் சிஸ்டர் எனக்கு.

— ...இன்னையிலேர்ந்து ஒரு நாள் விடக் கூடாது. அடுத்த மாசம் ரத்தம் எடுத்துப் பாக்கணும். சரியா இருந்தா ஆறு மாசத்து மாத்திரைய வாய மூடிக்கிட்டு வாங்கிக்கணும்.

— அப்புறம்?

— அப்புறமும் மாசாமாசம் வரணும். பிரஷர் பாக்க. அதுக்கு யாரு உத்தரவும் வேண்டாம்.

— சிஸ்டர், அது வந்து...

— பேசாதீங்க, பேசினா பிரஷர் ஏறும். நாடி பாக்கறேன், கைய எடுக்காதீங்க.

— பிரஷர் மிஷின் அப்பவே நின்னுடுச்சு சிஸ்டர்.

— தெரியும்.