தண்ணி ஒட்டாத இடம்

விடியக்காலை அஞ்சு மணி. ஊருக்கு வெளியே, நாய்கூட நடமாடாத ரோடு... அந்த ரோட்டுல ஒரே ஒரு பட்டறை. கிட்ட வந்து உட்காருங்க, என்னால கத்த முடியாது. என்கூட வேலை பார்க்கிறவளோட சித்தப்பாவுக்கு நடந்தது இது.

அவருக்கு அங்கே பிளாஸ்டிக் தகடு வேலை. புதுத் தகட்டுல தண்ணி தெளிச்சா முத்து முத்தா உருண்டு ஓடிடும். மையும் ஒட்டாது, பசையும் ஒட்டாது. அதைப் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டி, புறஊதா வெளிச்சத்துல பத்து நிமிஷம் காட்டணும். அப்புறம் தண்ணி சமத்தா படர்ந்து நிக்கும். ஒவ்வொரு தகட்டையும் தண்ணி தெளிச்சுப் பார்த்துத்தான் அனுப்புவார்.

சித்தி போய் மூணு மாசம். இவர் வெளியூர் வேலையில மாட்டிக்கிட்டார். வந்து சேர்றதுக்குள்ள அடக்கம் முடிஞ்சிருந்துச்சு. முகத்தைக்கூடப் பார்க்கல... மனுஷன் பாதி செத்துட்டார்.

அன்னைக்குத் தகட்டை எடுத்துத் தெளிச்சார். புஸ்ஸ்... எல்லா இடமும் படர்ந்துச்சு. நடுவுல மட்டும் தண்ணி விலகி ஓடுச்சு. அஞ்சு விரல், ஒரு உள்ளங்கை. பூட்டின பெட்டிக்குள்ள யாரோ வெளிச்சத்தை மறிச்சிருக்காங்க!

பயந்தாரா? அதான் இல்ல. கிறுக்கு மனுஷன், சந்தோஷப்பட்டார். மறுநாள் ஒரு தோள். அதுக்கு மறுநாள் கழுத்து, கொண்டை. சித்தி கொண்டையேதான். ஆனா நிழலுக்கு ஏது முகம்? கண்ணு இல்ல, மூக்கு இல்ல...

"ஒரே ஒரு தடவை மூஞ்சியைக் காட்டேன்டி"ன்னு பெட்டிகிட்ட கெஞ்சினாராம்.

கதவைத் திறந்தா விளக்கு தானா அணைஞ்சிடும். அப்படி அணைக்கிற கதவு சுவிட்சை அமுக்கி டேப் போட்டு ஒட்டினார். வெறுங்கண்ணால பார்த்தா பார்வை போயிடும்னு அவருக்குத் தெரியாதா? போனா போகுதுன்னு திறந்துட்டார். விளக்கு ங்ங்ங்னு இரைஞ்சுது. மின்னல் விழுந்த மாதிரி ஒரு வாடை...

ஏழு மணிக்கு ஆளுங்க வந்தப்போ பெட்டி முன்னாடி முட்டி போட்டு அழுதுக்கிட்டிருந்தார். "உள்ளே ஒண்ணுமே தெரியல, ஒரே இருட்டு"ன்னார். விளக்கு பளிச்சுனு எரிஞ்சுக்கிட்டுதான் இருந்துச்சு.

கண்ணுக்கு ஒண்ணும் ஆகலைன்னுட்டார் டாக்டர். முகம்தான் கழுத்து வரைக்கும் வெந்து சிவந்து போச்சு. கண்ணு ரெண்டும் இருக்கிற இடம் மட்டும் சிவக்கல, ரெண்டு கை பொத்தின அளவுக்கு.

"கடைசி வரைக்கும் காட்டலையே அவ"ன்னு இன்னைக்கும் அந்தப் பெட்டியைத்தான் திட்டிக்கிட்டிருக்கார். அவர்கிட்ட சொல்ல யாருக்கும் மனசு வரல. அந்தக் கை அச்சுல விரல் நுனியெல்லாம் மூக்குப் பக்கம் இருந்துச்சு... பின்னாடி நின்னு பொத்தினாத்தான் அப்படி விழும்.