கட்டி வரச் சொன்ன சீலை

1975 ஆவணியில் ஒரு காலை, ராசிபுரத்திலிருந்து நாமக்கல் சென்ற பேருந்து. என் மடியில் நாளிதழ், அதில் சர்வதேச மகளிர் ஆண்டு பற்றி ஒரு நீண்ட கட்டுரை. எனக்கு முன்னிருக்கையில் இரண்டு பெண்கள். இளையவள் மடிப்புக் கலையாத பட்டுச் சேலை உடுத்தியிருந்தாள்.

“சீலை நல்லாருக்குது கண்ணு. ஏதாச்சும் விசேசமா?” என்று மூத்தவள் கேட்டாள்.

“இல்லீங்கக்கா, பத்திர ஆபீசுக்குப் போறேன். அப்பன் காட்டுல எனக்குப் பங்கு வேண்டாம்னு எழுதிக் குடுக்கோணும். அண்ணன் சீலை எடுத்துக் குடுத்து, இதையே கட்டிட்டு வரச் சொன்னாரு. முன்னால உக்காந்திருக்கறாரு பாருங்க.”

“காடு எத்தனை?”

“கெணத்தோட நாலு ஏக்கராங்க. கண்ணாலத்துக்கு முந்தி நாந்தான் தண்ணி கட்டுவேன்.”

“மாட்டேன்னு சொல்லலாமில்ல?”

“எம்புள்ள பெரியவளாயிட்டா, ஞாயித்துக்கிழமை தெரட்டிச் சீருங்க. கையெழுத்துப் போடலீன்னா தாய்மாமனா வந்து நிக்க மாட்டேங்கறாரு. மாமன் இல்லாம சபையில அவளை எப்படிங்க உக்கார வெக்கறது?”

மூத்தவள் அவள் பக்கம் திரும்பினாள்.

“எனக்கும் இப்படித்தான் ஒரு பச்சைச் சீலை எடுத்தாங்க. அப்பறம் அதைக் கட்ட மனசே வரலை.”

“என்ன பண்ணுனீங்க?”

“பெட்டியிலயே கெடக்குது.”

நாமக்கல் வந்தது. முன்னால் இருந்த அண்ணன் எழுந்து திரும்பிப் பார்த்தார். இளையவளும் எழுந்தாள்.

மூத்தவள் அந்த முந்தானையைத் தொட்டுப் பார்த்தாள். “இளம்பிள்ளை ஊருத் தறிச் சீலைதானே? எந்தக் கடையிலன்னு அண்ணனைக் கேட்டுச் சொல்லு கண்ணு. தை மாசம் எங்க நாத்தனாவும் எங்களுக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கோணும்.”