கருவாட்டுக்குக் கிடைத்த வெயில்

நிலாவெளி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவளின் மடியில் ஒரு பை நிறைய, பள்ளிப் பிள்ளைகளுக்குச் சும்மா கொடுக்கவென்று அவள் தைத்த, கழுவிப் பாவிக்கிற மாதவிடாய்த் துணிகள்.

“பிள்ளையளுக்குத் துணி மணக்குதாம், அக்கா. என்ர தையல்தான் பிழையாம். கட்டிலுக்குக் கீழ காயப் போட்டா மணக்காம என்ன செய்யும்?”

“வெயிலில போடச் சொல்லேல்லையோ?”

“தொண்டைத் தண்ணி வத்தச் சொன்னனான். கொடியில போட்டா அப்பாமார் கண்டிடுவினமாம். சல்லி ஊரில கடற்கரை முழுக்கக் கருவாடு காயுது, அதுக்கு ஒருத்தருக்கும் வெக்கமில்லை. இதுக்கு மட்டும் வெயில் ஆகாதாம்.”

“நீங்கள் உங்கடய எங்க காயப் போடுறனீங்கள்?”

அவள் பையின் வாயை இறுக்கிக் கட்டினாள்.

“எங்கட மாமா நாள் முழுக்க வீட்டு முத்தத்தில கதிரை போட்டு இருக்கிறார். குசினிக்குள்ள, அடுப்படியிலதான்.”